குரைப்பே அதன் வேலை: அந்தமான் வேட்டை நாயின் வரலாறும் குணமும்

தெற்கு அந்தமானின் கராச்சர்மாவில் மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1978இல் தொடங்கியது. நிக்கோபாரிக் கோழி, தெரசா ஆடு, நிக்கோபாரிப் பன்றி, அந்தமானிப் பன்றி என்று இந்தத் தீவுகளுக்கே உரிய வளர்ப்பு உயிர்களை அளந்து, எடை பார்த்து, நிறம் குறித்து ஆராய்ந்ததில் இந்த நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இந்த நான்கும் இன்று நாட்டின் இனப் பட்டியலில் இருக்கின்றன. அதே ஊரின் சாலையோரத் தேநீர்க் கடை வாசலில் செம்பழுப்பு நிறத்தில் ஒன்று சுருண்டு படுத்திருக்கிறது. காது நிமிர்ந்து, வால் வளைந்து, விலா எலும்பு லேசாகத் தெரிய, நடுத்தர உயரம். யாரைக் கேட்டாலும் தெரு நாய் என்றுதான் சொல்வார்கள். இதே சாயலில் உள்ள நாய்கள்தாம் லிட்டில் அந்தமான் காட்டில் ஓங்கே மக்களுக்குப் பன்றியை மடக்கிக் கொடுக்கின்றன. பட்டியலில் பன்றி இருக்கிறது, பன்றியைப் பிடிக்கிற நாய் இல்லை.

அந்த நாயை ஓர் இனம் என்று சொல்லலாமா, அதன் வரலாறு எவ்வளவு ஆழம், குணம் எங்கிருந்து வந்தது என்பவைதாம் இக்கட்டுரையின் கேள்விகள்.

வரலாறு ஒரு வேடிக்கையில் தொடங்குகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் சீனத்திலிருந்து கடல்வழியாகத் திரும்பிய மார்க்கோ போலோ, அந்தமான் மக்களுக்கு நாய்த் தலையும் நாய்ப் பல்லும் நாய்க் கண்ணும் உண்டு என்று எழுதிவைத்தார். அவர் இங்கே கரையேறியதாகத் தெரியவில்லை. மாலுமிகள் சொன்ன கதையைக் கேட்டு எழுதியிருக்க வேண்டும். ஐரோப்பாவில் நாய்த்தலை மனிதர்களின் தீவு என்று பல காலம் பேர் வாங்கியிருந்த இந்த இடத்தில், உண்மையில் ஒரு நாய்கூட இருந்ததில்லை. 1858க்கு முன் கிரேட் அந்தமானியர், ஜாரவா, ஓங்கே, சென்டினல் மக்கள் ஆகிய பழங்குடிகள் யாரிடமும் நாய் கிடையாது. உலகின் வேட்டைச் சமூகங்களில் பெரும்பாலானவை நாயோடு வாழ்ந்தவை. ஆஸ்திரேலியாவுக்கு டிங்கோ நாய் போய்ச் சேர்ந்தே ஏறத்தாழ 3500 ஆண்டுகள் ஆகின்றன. அந்தமான் அந்தக் கணக்கில் வராமல் விடுபட்டுப் போயிருந்தது.

இது இன்னும் விசித்திரமாகத் தெரிய வேண்டுமானால் தெற்கே பார்க்க வேண்டும். லிட்டில் அந்தமானுக்கும் கார் நிக்கோபாருக்கும் இடையே பத்துப் பாகைக் கால்வாய், சுமார் 150 கிலோமீட்டர் அகலம். அந்தக் கரையில் நிக்கோபாரிகள் பன்றி, கோழி, நாய் மூன்றையும் ஆங்கிலேயர் வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே வளர்த்துவந்தார்கள். கிரேட் நிக்கோபாரின் உட்காட்டில் வாழும் ஷோம்பென் மக்களிடமும் நாய் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே போன போடன் கிளாஸ் என்ற பயணி அதைப் பார்த்திருக்கிறார். தென்னையும் நாயும் கால்வாயின் தென்கரையோடு நின்றுவிட்டன. அந்தமானியர்கள் அந்நியரைக் கரையில் அண்டவிடாதது ஒரு காரணமாக இருக்கலாம். விருந்தாளி வராத வீட்டுக்கு விருந்தாளியின் நாய் மட்டும் எப்படி வரும்?

1789இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் சாத்தம் தீவில் ஒரு குடியேற்றம் அமைத்தார். அது வடக்கே மாற்றப்பட்டு, நோயால் நொந்து, 1796இல் கைவிடப்பட்டது. அதன்பின் அறுபது ஆண்டு மௌனம். 1857 எழுச்சிக்குப் பிறகு, 1858 மார்ச்சில் டாக்டர் ஜே.பி. வாக்கர் இருநூறு கைதிகளோடு வந்து இறங்கினார். கைதிகளோடு காவலர், காவலர்களோடு அதிகாரிகள், அதிகாரிகளோடு ஆடு மாடு கோழி. நாயும் இந்தக் கூட்டத்தோடுதான் வந்தது. வேட்டைக்கென்று யாரும் கொண்டுவரவில்லை. காவலுக்கும் துணைக்கும் பொழுதுபோக்குக்கும் வந்த நாய்கள் அவை. இந்திய ஊர்நாயும் வெள்ளைக்காரர் வளர்த்த நாயும் கலந்து குட்டி போட்டிருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை.

அடுத்து நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. 1863இல் ராஸ் தீவில் 'அந்தமான் இல்லம்' என்ற பெயரில் பழங்குடியினரைக் கொண்டுவந்து வைக்கும் ஏற்பாடு தொடங்கியது. அந்த இல்லங்கள் அவர்களுக்கு நோயையும் சாவையும்தான் கொடுத்தன. சிபிலிஸ் பரவியது. 1877இல் தட்டம்மை வந்தது. 1858இல் ஐயாயிரம் பேர் அளவில் இருந்ததாகக் கணிக்கப்படும் கிரேட் அந்தமானியர் 1901 கணக்கெடுப்பில் 625 பேர், 1931இல் 90, 1961இல் 19. இந்தக் காலத்தில் அவர்களுக்கு வந்து சேர்ந்த பொருள்களில் அவர்களாகவே விரும்பி வாங்கிக்கொண்டவை மிகச் சில. இரும்பு ஒன்று, புகையிலை ஒன்று, நாய் ஒன்று. 1883இல் வெளிவந்த, ஆங்கிலேய அதிகாரி ஈ.எச். மேனின் ஆய்விலேயே நாய் அவர்களுக்குப் பிரியமான துணையாகவும் பன்றி வேட்டைக்காரனாகவும் ஆகியிருக்கிறது. கால் நூற்றாண்டு! பல்லாயிரம் ஆண்டு நாயைக் காணாத மக்கள், ஒரே தலைமுறையில் அதைத் தங்கள் தொழிலுக்குள் இழுத்துவிட்டார்கள்.

இதற்கு ஒத்த இன்னொரு நிகழ்வு டாஸ்மேனியாவில் உண்டு. கடல் மட்டம் உயர்ந்து அந்தத் தீவு ஆஸ்திரேலியாவிலிருந்து பிரிந்தது டிங்கோ வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டு முன்பு. எனவே அங்கும் நாய் இல்லை. 1803இல் ஆங்கிலேயர் கங்காரு வேட்டை நாய்களோடு இறங்கினார்கள். சில ஆண்டுகளுக்குள் டாஸ்மேனியப் பழங்குடிகள் நாய்களைப் பெற்று, வளர்த்து, வேட்டைக்குப் பழக்கிக்கொண்டார்கள். தொல்லியல் அறிஞர் ரீஸ் ஜோன்ஸ் 1970இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். மனிதனும் நாயும் முதன்முதலில் எப்படிக் கூட்டுச் சேர்ந்தார்கள் என்பதற்குச் சாட்சி எதுவும் நம்மிடம் இல்லை. எலும்புகளையும் மரபணுவையும் வைத்து ஊகிக்கிறோம். டாஸ்மேனியாவிலும் அந்தமானிலும் அந்தச் சந்திப்பு மறுபடி ஒருமுறை நடந்தது. இம்முறை பக்கத்தில் ஒருவர் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். அந்தப் பேனா வெற்றி கொண்டவரின் பேனா என்பதையும் மறக்கக்கூடாது.

நாய் வருவதற்கு முன் இங்கே வேட்டை எப்படி நடந்தது? அந்தமான் காட்டில் பெரிய விலங்கு என்றால் பன்றிதான். புலி, சிறுத்தை, கரடி, ஓநாய் கிடையாது. மானும் கிடையாது. இன்று சாலையோரத்தில் நிற்கும் புள்ளிமான் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டது. அந்தமான் காட்டுப்பன்றி பெருநிலத்துப் பன்றியைவிட உருவில் சிறியது. 1858ஆம் ஆண்டில்தான் எட்வர்ட் பிளைத் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். நாயும் பன்றியின் பெயரும் ஒரே ஆண்டில் வந்தன என்பது தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை.

அந்தக் காலத்து வேட்டை மௌனத்தின் கலை. இரண்டு மூன்று பேர் சுவடு பார்த்து, காற்றின் திசை பார்த்து, பேசாமல் நெருங்குவார்கள். கிரேட் அந்தமானியரின் பன்றி அம்பு தனி வகை. தைத்ததும் முனை கழன்று உடலிலேயே நிற்கும், ஆனால் தண்டோடு ஒரு கயிற்றால் பிணைந்திருக்கும். அடிபட்ட பன்றி ஓடும்போது தண்டு பின்னால் இழுபட்டுப் புதரில் மாட்டிக்கொள்ளும். கவனித்துப் பார்த்தால், நாய் செய்கிற வேலையில் பாதியை அந்தக் கயிறு செய்துகொண்டிருந்தது. ஓடுவதை ஓடவிடாமல் நிறுத்துவது. பன்றி அவர்கள் வாழ்வில் வெறும் இறைச்சியாக இருக்கவுமில்லை. கிரேட் அந்தமானிய இளைஞன் வயதுக்கு வரும்போது நெடுநாள் பன்றிக்கறியை விலக்கி, பிறகு சடங்கோடு உண்ண வேண்டும். அந்தச் சடங்கில் கடா பன்றியின் உடலை அவன் முதுகில் வைத்து அழுத்துவார்கள் என்று ராட்கிளிஃப் பிரவுன் பதிவு செய்திருக்கிறார். அவர் 1906 முதல் 1908 வரை இங்கே தங்கி ஆய்வு செய்தவர். நூல் 1922இல் வந்தது.

அதே ராட்கிளிஃப் பிரவுன் சொன்ன இன்னொரு செய்தி எனக்கு எப்போதும் ஆச்சரியம் தருவது. அந்தமானியர் ஆண்டின் காலங்களை மலர்களின் மணத்தை வைத்துக் குறித்தார்கள். எந்தக் கொடி பூத்து எந்த வாசனை காட்டில் நிறைகிறதோ அதுதான் அந்தப் பருவத்தின் பெயர். ஓங்கேயிடையே நெடுங்காலம் ஆய்வு செய்த விஷ்வஜித் பாண்டியாவும் மணம்தான் அவர்கள் உலகின் அச்சு என்கிறார். ஆவிகள் மணத்தைக் கொண்டு மனிதனைக் கண்டுபிடிக்கின்றன. ஆகவே மனிதன் தன் மணத்தைக் கட்டியும் கலைத்தும் நடக்க வேண்டும். மூக்கால் உலகை அறிந்த மக்களிடம், மூக்காலேயே வாழும் ஒரு விலங்கு வந்து சேர்ந்தபோது அதை அவர்கள் உடனே புரிந்துகொண்டதில் வியப்பென்ன இருக்கிறது? இது என் ஊகம். ஆனால் இரும்பை ஏற்றதற்குச் சொல்லும் காரணத்தையே, பயன் என்ற ஒற்றைச் சொல்லையே, நாய்க்கும் சொல்லி முடித்துவிட எனக்குத் துணிவில்லை.

சரி, நாயின் குணத்துக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் வேட்டை நாய் என்றால் நம் கண்ணில் நிற்பது ஒரு நீண்ட உருவம். சிப்பிப்பாறை, கன்னி இரண்டும் கரிசல் வெளிக்கு ஏற்றவை. குறுகிய இடுப்பு, ஆழ்ந்த மார்பு, நீண்ட கால். முயல் எழும்பியதைக் கண்ணால் பார்த்து, கண்ணைவிட்டு அகலாமல் ஓடிப் பிடிப்பது அவற்றின் தொழில். குரைக்க நேரமில்லை, தேவையுமில்லை. ராஜபாளையம் வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்குமாகக் கனத்த உருவம். காட்டுப்பன்றி வேட்டைக்கும் பண்ணைக் காவலுக்கும் பேர்போனது. வெள்ளைக்காகவே தேர்ந்து தேர்ந்து நெருங்கிய உறவில் இனம் சேர்த்ததன் கேடாகச் செவிட்டுக் குட்டிகளும் பிறக்கின்றன. தேனி மாவட்டத்துக் கோம்பை, செம்பழுப்பு உடலும் கறுத்த முகமுமாக, பன்றிமேல் பாய்வதற்குத் தயங்காத நாய். இந்த நாய்களின் குணத்தைப் பற்றி வளர்ப்பவர்கள் ஒரே குரலில் சொல்வது ஒன்று உண்டு: ஓர் ஆளுக்குக் கட்டுப்படும், மற்றவரை அண்டவிடாது.

நாய்க்கு மரியாதை செய்வது நமக்குப் புதிதும் அல்ல. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மாட்டு மந்தையைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவகத்தி என்ற வீரனோடு, கள்ளர்களைக் கடித்து நின்ற அவன் நாயையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். பெயரும் பொறித்திருக்கிறார்கள்: கோவிவன். ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குக் கல்லில் பெயர் கிடைத்தது. 2005இல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையம் அதில் இருந்தது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள அமைப்பு முதன்முதலாக நாய் இனங்களைப் பதிவு செய்தபோது ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோள் ஆகிய மூன்றுக்கும் இடம் கிடைத்தது. தியடோர் பாஸ்கரன் இந்திய நாய்களைப் பற்றி 2017இல் தனி நூலே எழுதியிருக்கிறார்.

இந்தப் புகழ்பெற்ற நாய்களில் ஒன்றை அந்தமான் காட்டுக்குள் விட்டால் என்ன ஆகும்? சிப்பிப்பாறை முதல் நூறு அடியிலேயே பிரம்புக் கொடியில் சிக்கி நிற்கும். இங்கே ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் அளவில் மழை. மரத்தடியில் எப்போதும் இருட்டு, தரையெங்கும் முள்பிரம்பு, பத்து அடிக்கு அப்பால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. கண்ணால் வேட்டையாடும் நாய்க்கு இங்கே வேலையில்லை. மழைக்காலத்தில், பன்றி கொழுத்திருக்கும் பருவத்தில், மெல்லிய தோல் நாய்க்கு அட்டையும் உண்ணியும் சொறியும் போதும், வேட்டை தேவையில்லை.

இந்தக் காடு நாயிடம் கேட்பது வேறு. முதலில் மூக்கு. அடுத்து, மூக்கைவிட முக்கியமாக, தொண்டை. நாய் பன்றியைக் கண்டுபிடித்துவிட்டது என்பது வேட்டைக்காரனுக்குத் தெரிய வேண்டும். அதற்குக் குரைப்பைத் தவிர வழியில்லை. நல்ல காட்டு நாயின் குரலிலேயே சேதி இருக்கும் என்று காட்டோரத்தில் நாய் வளர்க்கிறவர்கள் சொல்வதுண்டு: வழிதேடும்போது விட்டுவிட்டு ஒரு குரல், பன்றியை எழுப்பியதும் வேகமான குரல், பன்றி வேரடியில் முதுகு சாய்த்து நின்றுவிட்டால் ஒரே இடத்திலிருந்து விடாமல் வரும் குரல். அந்த மூன்றாவது குரல் கேட்டால் மனிதன் ஓட வேண்டும். அம்போ ஈட்டியோ வந்து சேரும்வரை பன்றியை அந்த இடத்தில் நிறுத்திவைப்பதுதான் நாயின் முழு வேலை.

இதில் குணத்தின் கணக்கு ஒன்று இருக்கிறது. பாய்ந்து கடிக்கும் நாய் வீரனாகத் தெரியும், ஆனால் கடா பன்றியின் கோரைப்பல் அதன் வயிற்றைக் கிழித்துவிடும். பயந்து ஓடும் நாயால் பயனில்லை. நெருங்கிப் போய்க் குரைத்து, பன்றி திரும்பினால் ஒதுங்கி, மறுபடி நெருங்கிக் குரைக்கும் நாயே பிழைக்கிறது, குட்டி போடுகிறது. தைரியமும் பயமும் அளவாகக் கலந்த அந்த நடுக்குணத்தை இங்கே யாரும் திட்டமிட்டு இனம் சேர்த்து உருவாக்கவில்லை. பன்றியே தேர்ந்தெடுத்தது. ராஜபாளையத்தின் குணத்தைச் செதுக்கியது மனிதக் கை, ஓங்கே நாயின் குணத்தைச் செதுக்கியது பன்றியின் பல்.

காட்டில் குரல்தான் கயிறு என்பதற்கு ஆப்பிரிக்காவில் நேர்மாறான ஒரு சான்று உண்டு. காங்கோ மழைக்காட்டின் பசெஞ்சி நாய் மற்ற நாய்களைப் போலக் குரைக்காது. அங்குள்ள வேட்டைக்காரர்கள் அதன் கழுத்தில் மரத்தில் குடைந்த மணியைக் கட்டிவிடுகிறார்கள். குரல் இல்லாத நாய்க்கு மணி ஒலியைக் கொடுத்து, அந்த ஒலியைத் தொடர்ந்து போகிறார்கள். வேட்டை நாயின் மதிப்புக்கு இன்னொரு சான்று இலங்கையில் உண்டு. அங்கே வேடர்களின் நாய் உடும்பு பிடிப்பதில் பெயர் பெற்றது. பெண் கொடுக்கும்போது மருமகனுக்கு வேட்டை நாய் கொடுக்கும் வழக்கமும் அவர்களிடையே பதிவாகியிருக்கிறது. கன்னி நாய் கன்னிப் பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கப்பட்டதால் அப்பெயர் பெற்றது என்று நம் ஊரில் சொல்லும் கதையோடு இதைச் சேர்த்து யோசிக்கலாம்.

குணத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். காட்டு முகாமில் நாய்க்குத் தனிச் சோறு கிடையாது. குடலும் எலும்பும் மிஞ்சினால் அதற்கு. மற்ற நேரத்தில் தானே தேடிக்கொள்ள வேண்டும். கடற்கரையில் நண்டு, அலை ஒதுக்கிய மீன், கூடவே ஆமை முட்டை. லிட்டில் அந்தமானின் மேற்கு விரிகுடாவிலும் தெற்கு விரிகுடாவிலும் தோணியாமைகள், உலகின் மிகப் பெரிய கடல் ஆமைகள், முட்டையிட வருகின்றன. மணலுக்குள் புதைந்த முட்டையை மோப்பம் பிடிக்கும் மூக்கும் பன்றியை மோப்பம் பிடிக்கும் மூக்கும் ஒன்றுதான். தீவுகளின் ஆமைக் கரைகள் பலவற்றில் நாய் இன்று பெரிய எதிரி. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நிக்கோபாரில் ஊர்கள் காலியானபோது பின்தங்கிய நாய்கள் காடேறின. வேட்டைக்குணம் உள்ள நாய்க்கு எஜமான் இல்லாமல் போனால் வேட்டை நிற்பதில்லை, எல்லை மட்டும் அழிந்துவிடுகிறது.

இத்தாலிய மானிடவியலாளர் லிடியோ சிப்ரியானி 1950களின் தொடக்கத்தில் ஓங்கே மக்களிடையே தங்கியவர். நாய் வந்தபின் அவர்களுக்குப் பன்றி எளிதில் கிடைக்கத் தொடங்கியதையும் அதனால் பழைய சமநிலை குலைவதையும் அவர் கவலையோடு எழுதினார். நியாயமான கவலை. மௌனமாக நெருங்கும் மனிதன் எதை எய்வது என்று பார்த்து எய்கிறான். நாய் அப்படிப் பார்ப்பதில்லை, சினைப்பன்றியும் குட்டியும் அதற்கு ஒன்றுதான். ஆனால் சிப்ரியானியின் கவலையில் ஒரு ஓரவஞ்சனையும் இருப்பதாக எனக்குப் படுகிறது. அவர் போய்ப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் லிட்டில் அந்தமானில் குடியேற்றம் தொடங்கியது, காடு வெட்டப்பட்டது, ஓங்கே டுகாங் கிரீக்கில் குடியமர்த்தப்பட்டனர். 1901இல் 672 பேராகக் கணக்கிடப்பட்டவர்கள் 2011இல் 101 பேர். பன்றி குறைந்ததற்கு நாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சுலபம். மரம் அறுத்தவர்களும் சாலை போட்டவர்களும் அந்தக் கூண்டில் நிற்பதில்லை.

குடியேறியவர்களின் நாய்க்கதை தனி. வங்காள அகதிகள், ராஞ்சித் தொழிலாளர், 1925இல் பர்மாவிலிருந்து மாயாபந்தர் பக்கம் வந்த கரென் மக்கள், நம்மவர்கள் என்று எல்லோருடைய வாழ்க்கையும் காட்டோரத்தில் தொடங்கியது. நெல்லையும் மரவள்ளியையும் பன்றி தோண்டாமல் காக்க ஒரு நாய் எல்லா வீட்டிலும் வேண்டியிருந்தது. காவல் நாய் வேட்டை நாயாக மாற எத்தனை நாள் ஆகும்? ஆனால் சட்டம் குறுக்கே நிற்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தமான் காட்டுப்பன்றியைப் பெயர் சொல்லி முதல் அட்டவணையில் வைத்தது. புலிக்கு உள்ள பாதுகாப்பு அதற்கும். அதே சட்டத்தின் 65ஆம் பிரிவு நிக்கோபார் தீவுகளின் பழங்குடியினருக்கு 1967இல் அறிவிக்கப்பட்ட வேட்டை உரிமைகளை அப்படியே விட்டுவைத்தது. ஆகவே ஷோம்பென் முகாமில் பன்றியை மடக்கும் நாய் தன் எஜமானனின் உரிமையைச் செலுத்துகிறது. தெற்கு அந்தமானில் ஒரு குடியேறி வீட்டு நாய் அதையே செய்தால் அவருக்குச் சிறை. நாய்க்கு இரண்டு வேட்டைக்கும் வித்தியாசம் தெரியாது. நமக்குத் தெரிய வேண்டும்.

ஜாரவாக்கள் நாய் இல்லாமலேயே பன்றி வேட்டையாடி வந்தவர்கள். 2011 கணக்கெடுப்பில் 380 பேர். அவர்கள் காட்டை ஒட்டியும் ஊடுருவியும் சாலை போகிறது, சாலையை ஒட்டி நம் ஊர்கள். ஊர் இருக்கும் இடத்தில் நாய் இருக்கும். ஓங்கேக்கும் கிரேட் அந்தமானியருக்கும் நாய் வந்தபோது வேண்டுமா வேண்டாமா என்று யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. ஜாரவா விஷயத்தில் யோசிக்க நேரம் இருந்தது, இன்னும் கொஞ்சம் இருக்கிறது. முடிவு அவர்களுடையதாக இருக்க வேண்டும். ஒரு குடம் தேனுக்குப் பண்டமாற்றாக ஒரு குட்டியைக் காட்டுக்குள் அனுப்புவது முடிவல்ல, கடத்தல்.

அப்படியானால் அந்தமான் வேட்டை நாய் ஓர் இனமா? பதிவேட்டின் அளவுகோலில் இல்லை. அதற்கு நிலையான நிறமோ, வம்சாவளியோ, வளர்ப்போர் சங்கமோ கிடையாது. நூற்றறுபது சொச்சம் ஆண்டு வரலாறு இனம் உண்டாக்கப் போதாது என்பதல்ல காரணம். ஐரோப்பாவின் பெயர்பெற்ற இனங்கள் பலவும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சங்கம் கூட்டி எழுதிக்கொண்டவைதாம். இங்கே யாருக்கும் அதன் உருவத்தில் அக்கறை இருந்ததில்லை, வேலையில்தான் அக்கறை. என் தீர்ப்பு இது: அது ஓர் இனம் அல்ல, ஒரு தொழில். அந்தத் தொழிலை அறிந்த நாய்கள் சில காட்டு முகாம்களில் இருக்கின்றன, அதை மறந்த அவற்றின் சொந்தங்கள் கராச்சர்மா தேநீர்க் கடை வாசலில் படுத்திருக்கின்றன. இதற்கு ஒரு பெயர் சூட்டி, அளவு நிர்ணயித்து, சந்தைக்குக் கொண்டுவர வேண்டும் என்று யாராவது கிளம்பினால் முதல் எதிர்ப்பு என்னுடையதாக இருக்கும். ராஜபாளையத்தின் செவிட்டுக் குட்டிகள் போதும். ஆனால் ஆவணம் வேண்டும். பன்றியை அளந்த கை இந்த நாயின் உயரத்தையும் குரலையும் மரபணுவையும் ஒருமுறை குறித்துவைத்தால், 1858இல் கப்பலேறி வந்தது எந்த ஊர் நாய் என்ற கேள்விக்காவது பதில் கிடைக்கும்.

தமிழ் வாசகர்களிடம், குறிப்பாகச் சென்னையிலிருந்து கப்பலிலும் விமானத்திலும் வந்துபோகும் நம்மவர்களிடம், ஒரு வேண்டுகோள். அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வெறிநாய்க்கடி நோய் இல்லை. இந்தியாவில் இப்படிச் சொல்லிக்கொள்ளக்கூடிய இன்னொரு இடம் லட்சத்தீவு மட்டுமே. ஒரே ஒரு நோயுற்ற குட்டி போதும், அந்தப் பெருமை போய்விடும். காட்டுக்குள் வாழும் சில நூறு பேருக்கு அது என்ன செய்யும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது. பெட்டியில் மறைத்தோ, தடுப்பூசிச் சான்று இல்லாமலோ, பன்றி பிடிக்கும் என்ற ஆசையிலோ ஊரிலிருந்து குட்டி கொண்டுவராதீர்கள். நாய் வேண்டுமென்றால் கராச்சர்மாவில் எந்தத் தேநீர்க் கடையிலும் கேளுங்கள். நல்ல குரலுள்ள குட்டியாகப் பார்த்துத் தருவார்கள், விலை கிடையாது.